அரியலூர் - பெரம்பலூர் பகுதிச் சுண்ணாம்புக்கல் அகழ்வு

அரியலூர் - பெரம்பலூர் பகுதிச் சுண்ணாம்புக்கல் அகழ்வு என்பது தமிழ்நாட்டின் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய திருச்சிராப்பள்ளி மாவட்டப் பகுதிகளிலும் நடைபெற்று வரும் கனிமத் தொழில் ஆகும். சிமெண்ட் உற்பத்திக்குத் தேவையான சுண்ணாம்புக்கல் இங்கு திறந்தவெளிச் சுரங்கங்களில் வெட்டி எடுக்கப்படுகிறது. இதனுடன் கட்டுமானத்துக்குப் பயன்படும் கருங்கல் குவாரிகளும் இப்பகுதியில் இயங்குகின்றன. செயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரிப் படிவுகளும் உள்ளன.

இந்தியாவில் கனிமங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நடுவண் அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையே பகிரப்பட்டுள்ளது. கனிமத்தின் உரிமை யாருக்கு, அதிலிருந்து கிடைக்கும் வருவாய் யாருக்கு, அகழ்வு முடிந்த பின் எஞ்சும் நிலத்துக்கு யார் பொறுப்பு ஆகிய மூன்று கேள்விகளும் இப்பகுதியில் பல பத்தாண்டுகளாக எழுப்பப்பட்டு வருகின்றன. இந்தியக் கனிம வரிச் சட்டத்தில் நெடுங்காலம் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்ட ஒரு தீர்ப்பும் தமிழ்நாட்டின் சுண்ணாம்புக்கல் தொடர்பான வழக்கிலேயே வழங்கப்பட்டது.

அமைவிடம்

இப்பகுதி வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்துள்ளது. முன்பு இது ஒருங்கிணைந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1995 ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 2001 ஆம் ஆண்டு சனவரி 1 அன்று அதிலிருந்து அரியலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. 2002 இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 ஆம் ஆண்டு நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டம் ஆனது.

குன்னம், பெரம்பலூர் மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்றின் தலைமையிடம் ஆகும். இதற்குக் கிழக்கே அரியலூர் மாவட்டத்தின் செந்துறை வட்டம் உள்ளது. தொகுதி மறுசீரமைப்பின்படி உருவாகி, 2011 இல் முதல் தேர்தலைச் சந்தித்த குன்னம் சட்டமன்றத் தொகுதி இரு மாவட்டப் பகுதிகளையும் உள்ளடக்கியது. சிமெண்ட் ஆலைகள் அமைந்துள்ள ஆலத்தியூர், தளவாய் ஆகிய ஊர்கள் செந்துறை வட்டத்தைச் சேர்ந்தவை. எனவே நிலவியல் அடிப்படையிலும் வாழ்வியல் அடிப்படையிலும் ஒன்றாக உள்ள பகுதி, ஆட்சி அடிப்படையில் இரண்டு மாவட்டங்களாக உள்ளது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனி ஆட்சியர், கனிம வள அலுவலகம், கனிம நிதி ஆகியவை உள்ளன.

இப்பகுதியின் பெரும்பகுதி மானாவாரி நிலம் ஆகும். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியன பெரம்பலூர் மாவட்டத்தின் முக்கியப் பயிர்கள். அரியலூர் மாவட்டத்தில் முந்திரியும் பயிரிடப்படுகிறது.

நிலவியல்

இந்தியத் துணைக்கண்டம் கோண்டுவானா பெருங்கண்டத்திலிருந்து பிரிந்த பின், அதன் கிழக்குக் கரையோரம் தாழ்ந்து கடலால் மூடப்பட்டது. கிரீத்தேசியக் காலத்தில் இன்றைய அரியலூர் வரை கடல் பரவியிருந்தது. கடலடியில் படிந்த மணல், களிமண், சுண்ணாம்பு ஆகியவை பின்னர் பாறையாக இறுகின. இப்படிவுகள் கீழிருந்து மேலாக உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர், நினியூர் என்னும் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கு மேற்கே பெரம்பலூர் பக்கம் மிகத் தொன்மையான நைசு, சார்னோக்கைட்டுப் பாறைகள் காணப்படுகின்றன. ஆகவே கிழக்கில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் மேற்கில் கருங்கல் குவாரிகளும் அமைந்துள்ளன.

அரியலூர் தொகுதியைச் சேர்ந்த கல்லங்குறிச்சிப் படிவு சிமெண்ட் தொழிலுக்கு மிகவும் முக்கியமானது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிப்பி இனங்களின் ஓடுகள் இப்படிவில் அடர்த்தியாகக் குவிந்துள்ளன. அவ்வோடுகளின் கால்சியம் கார்பனேட்டே இன்று சிமெண்ட் ஆலைகளின் மூலப்பொருள் ஆகும். கல்லக்குடிப் பகுதியில் அதைவிடப் பழைய பவளப்பாறைச் சுண்ணாம்புக்கல் காணப்படுகிறது. காரை, உத்தத்தூர் பகுதிகளின் களிப்பாறைகளில் ஜிப்சம், பாஸ்பேட் முண்டுகள் ஆகியனவும் கிடைக்கின்றன.

இப்பகுதியின் புதைபடிவங்கள் 19 ஆம் நூற்றாண்டிலேயே அறிவியலாளரின் கவனத்தை ஈர்த்தன. கேய், கன்லிஃப் ஆகியோர் சேகரித்த படிவங்களை எட்வர்டு ஃபோர்ப்சு 1846 இல் விவரித்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த என்றி பிரான்சிசு பிளான்போர்டு இப்பாறைகளை ஆய்ந்து 1862 இல் அறிக்கை வெளியிட்டார். பின்னர் பெர்டினான்டு இசுட்டோலிச்கா இப்பகுதியின் கடல்வாழ் உயிரினப் படிவங்களைப் பல தொகுதிகளாக விவரித்தார். சுரங்கத் தொழில் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இப்பகுதி உலக நிலவியல் நூல்களில் இடம்பெற்றிருந்தது.

தொழிலின் வரலாறு

இப்பகுதியின் முதல் பெரிய சிமெண்ட் ஆலை 1939 ஆம் ஆண்டில் கல்லக்குடியில் டால்மியா குழுமத்தால் தொடங்கப்பட்டது. ஊரும் இரயில் நிலையமும் டால்மியாபுரம் எனப் பெயர் பெற்றன. அப்பெயரை மாற்றிக் கல்லக்குடி என்றே வழங்க வேண்டும் எனக் கோரி 1953 ஆம் ஆண்டில் திராவிட முன்னேற்றக் கழகம் போராட்டம் நடத்தியது. மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்து மறியல் செய்து கைதானார். தமிழக அரசியல் வரலாற்றில் இது கல்லக்குடிப் போராட்டம் என அறியப்படுகிறது.

1976 ஆம் ஆண்டில் மாநில அரசுக்குச் சொந்தமான தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் நிறுவப்பட்டது. இதன் அரியலூர் ஆலை 1979 இல் ஆண்டுக்கு 5 இலட்சம் டன் உற்பத்தித் திறனுடன் இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 10 இலட்சம் டன் திறன் கொண்ட புதிய ஆலை 2019 இல் அதே வளாகத்தில் செயற்பாட்டுக்கு வந்தது. இக்கழகம் 'அரசு' என்னும் பெயரில் சிமெண்டை விற்பனை செய்கிறது. 2021 நவம்பரில் 'வலிமை' என்னும் வகை அறிமுகப்படுத்தப்பட்டது.

சிமெண்ட் விலை, வழங்கல் மீதான அரசுக் கட்டுப்பாடு 1982 இல் பகுதியாகவும் 1989 இல் முழுமையாகவும் நீக்கப்பட்டது. 1991 இல் தொழில் உரிமம் பெறும் கட்டாயமும் விலக்கப்பட்டது. 1993 ஆம் ஆண்டின் தேசியக் கனிமக் கொள்கை கனிமத் துறையில் தனியார் முதலீட்டுக்கு வழி திறந்தது. இம்மாற்றங்களுக்குப் பின் அரியலூரைச் சுற்றித் தனியார் ஆலைகள் பெருகின. ரெட்டிபாளையம், ஆலத்தியூர், தளவாய், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தாமரைக்குளம் ஆகிய ஊர்களிலும் அவற்றின் அருகிலும் ஆலைகள் அமைந்தன. தரமான கல், விழுப்புரம் - திருச்சிராப்பள்ளி கார்டு இரயில் பாதை, தமிழ்நாட்டின் நடுவில் உள்ள அமைவிடம் ஆகியவை இதற்குக் காரணங்கள் ஆகும். அரியலூர் 'சிமெண்ட் நகரம்' என அழைக்கப்படலாயிற்று.

அகழ்வு முறை

சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் மேற்பரப்புக்கு அருகிலேயே கிடைப்பதால் திறந்தவெளி முறையில் வெட்டப்படுகிறது. முதலில் வளமான மேல்மண் தனியே அகற்றப்பட்டுச் சேமிக்கப்பட வேண்டும். அதன்கீழ் உள்ள பயனற்ற மண்ணும் பாறையும் நீக்கப்பட்ட பின், கல் படிக்கட்டு போன்ற அடுக்குகளாக வெட்டப்படுகிறது. கடினமான கல்லில் துளையிட்டு வெடிவைத்துத் தகர்ப்பர். மென்மையான இடங்களில் பாறையை உடைக்கும் இயந்திரங்கள் பயன்படுத்தப்படுகின்றன. வெட்டிய கல் கனரக ஊர்திகள் மூலமோ கடத்துப் பட்டை மூலமோ ஆலைக்குக் கொண்டு செல்லப்படுகிறது.

ஆலையில் கல் பொடியாக்கப்பட்டுக் களிமண் போன்றவற்றுடன் கலந்து ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வெப்பத்தில் சூளையில் சுடப்படுகிறது. இதனால் கிடைக்கும் கிளிங்கருடன் ஜிப்சம் சேர்த்து அரைக்கப்படுவதே சிமெண்ட் ஆகும். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் தேவைப்படுகிறது. கல்லின் எடையில் பெரும் பங்கு சூளையில் கரியமில வாயுவாக வெளியேறிவிடுகிறது. எனவே கல்லைத் தொலைவுக்குக் கொண்டு செல்வதைவிடச் சுரங்கத்தின் அருகிலேயே ஆலை அமைப்பது இலாபகரமானது. ஒவ்வோர் ஆலையும் தனக்கெனத் தனிச் சுரங்கங்களை வைத்திருப்பதற்கு இதுவே காரணம் ஆகும்.

சட்டக் கட்டமைப்பு

அதிகாரப் பகிர்வு

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 23 ஆம் பதிவு சுரங்கங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளிக்கிறது. எனினும், ஒன்றியப் பட்டியலின் 54 ஆம் பதிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் அளவுக்கு அவ்வதிகாரம் கட்டுப்படும். இதன்படி இயற்றப்பட்டதே 1957 ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் ஆகும்.

இச்சட்டம் கனிமங்களை முதன்மைக் கனிமங்கள், சிறு கனிமங்கள் என இரண்டாகப் பிரிக்கிறது. சிமெண்டுக்குப் பயன்படும் சுண்ணாம்புக்கல் முதன்மைக் கனிமம் ஆகும். கருங்கல், சரளை, ஆற்று மணல் முதலியவை சிறு கனிமங்கள். சிறு கனிமங்களுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு அளிக்கப்பட்டுள்ளது. கட்டடச் சுண்ணாம்பு தயாரிக்கக் காளவாயில் சுடப்படும் சுண்ணாம்புக்கல் நெடுங்காலம் சிறு கனிமமாகக் கருதப்பட்டது. ஒரே நிலத்தின் ஒரே கல், காளவாய்க்குச் சென்றால் ஒரு விதிக்கும் சிமெண்ட் ஆலைக்குச் சென்றால் மற்றொரு விதிக்கும் உட்பட்டது.

குத்தகை

சுண்ணாம்புக்கல் சுரங்கக் குத்தகையை மாநில அரசு வழங்குகிறது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சுரங்கச் செயலகம் சுரங்கத் திட்டத்தை ஆய்ந்து ஒப்புதல் அளிக்கிறது. மாநில அளவில் புவியியல் மற்றும் சுரங்கத் துறையும், மாவட்ட அளவில் ஆட்சியரின் கீழ் இயங்கும் கனிம வள அலுவலகமும் கண்காணிப்பை மேற்கொள்கின்றன. கல்லை ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு வண்டிக்கும் நடைச்சீட்டு தேவை.

2015 வரை குத்தகைகள் விண்ணப்பத்தின் அடிப்படையில் வழங்கப்பட்டன. 2015 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சுண்ணாம்புக்கல் உள்ளிட்ட கனிமங்களுக்கு ஏல முறையைக் கட்டாயமாக்கி, குத்தகைக் காலத்தை 50 ஆண்டுகள் என நிர்ணயித்தது. சொந்த ஆலைக்கெனக் கல் எடுக்கும் பழைய குத்தகைகள் 2030 மார்ச் 31 வரையிலோ, வழங்கப்பட்ட நாளிலிருந்து 50 ஆண்டுகள் நிறையும் வரையிலோ, புதுப்பிப்புக் காலம் முடியும் வரையிலோ, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை செல்லும். அதன் பின் ஏலம் நடத்தப்படும்போது, மிகுந்த ஏலத் தொகைக்கு இணையாகத் தந்து குத்தகையைப் பெறும் முன்னுரிமை பழைய குத்தகையாளருக்கு உண்டு. அரியலூர் பகுதியின் பல சுரங்கங்கள் சொந்த ஆலைக்கானவை என்பதால் 2030 ஆம் ஆண்டு இப்பகுதிக்கு முக்கியமானது.

சுற்றுச்சூழலும் பாதுகாப்பும்

2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுரங்கங்கள் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். பெரிய சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்படுகிறது. இக்கூட்டத்தில் கூறப்படும் கருத்துகள் பதிவு செய்யப்பட்டு மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்பப்படும். ஆயினும் ஊர் மக்கள் எதிர்த்தால் திட்டம் தானாகவே நின்றுவிடும் என்னும் விதி இல்லை. அனுமதியின்றி எடுக்கப்பட்ட கனிமத்தின் முழு விலையையும் அரசு வசூலிக்கலாம் என 2017 ஆகத்து 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சுரங்கத் தொழிலாளரின் பாதுகாப்பு நெடுங்காலம் 1952 ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தால் காக்கப்பட்டது. தன்பாதில் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் இதைச் செயற்படுத்தியது. 2025 நவம்பர் 21 முதல் தொழிற்பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் குறித்த 2020 ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு இதன் இடத்தில் நடைமுறைக்கு வந்தது.

உரிமத்தொகையும் வரியும்

கனிமத்தை எடுப்பவர் அரசுக்குச் செலுத்தும் தொகை உரிமத்தொகை (ராயல்டி) எனப்படுகிறது. முதன்மைக் கனிமங்களைப் பொறுத்தவரை இதன் வீதத்தை நடுவண் அரசு நிர்ணயிக்கிறது. தொகை மாநில அரசைச் சேர்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கு மேல் இவ்வீதத்தை உயர்த்த இயலாது. சாதாரணத் தரச் சுண்ணாம்புக்கல்லுக்கு 2014 இல் டன் ஒன்றுக்கு 80 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது.

இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கு

1958 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், நிலவரியின் மீது ஊராட்சிகளுக்கான மேல்வரி விதிக்க வழிசெய்தது. கனிம உரிமத்தொகையும் நிலவரியில் அடங்கும் எனப் பின்னர் சேர்க்கப்பட்டது. இதனால் சுண்ணாம்புக்கல் உரிமத்தொகையின் மீதும் மேல்வரி கோரப்பட்டது. இதை எதிர்த்து இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1989 அக்டோபர் 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, அம்மேல்வரியை விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை எனவும், உரிமத்தொகை ஒரு வரியே எனவும் தீர்ப்பளித்தது. இதன் விளைவாக நாட்டின் கனிம வளமிக்க மாநிலங்கள் அனைத்தும் கனிமங்களின் மீது வரி விதிக்கும் வழியை இழந்தன.

2004 இல் மேற்கு வங்கம் தொடர்பான கேசோராம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, 1989 தீர்ப்பில் எழுத்துப் பிழை நேர்ந்துள்ளது எனக் கூறியது. உரிமத்தொகையின் மீதான மேல்வரியே வரி என்பதே அங்கு கருதப்பட்டது என்பது அவ்வமர்வின் கருத்து ஆகும். இம்முரண்பாட்டால் 2011 இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு இவ்விவகாரம் அனுப்பப்பட்டது. 2024 சூலை 25 அன்று அவ்வமர்வு, உரிமத்தொகை வரி அன்று எனவும், கனிம உரிமைகள் மீதும் கனிமம் உள்ள நிலத்தின் மீதும் வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு எனவும் 8-க்கு 1 என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நீதிபதி பி. வி. நாகரத்னா மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார். 35 ஆண்டுகளுக்குப் பின் 1989 தீர்ப்பு செல்லாததாயிற்று. 2005 ஏப்ரல் 1 க்கு முந்தைய காலத்துக்கு வரி கோரக் கூடாது எனவும், நிலுவையை 2026 ஏப்ரல் 1 முதல் 12 ஆண்டுகளில் தவணைகளாகப் பெறலாம் எனவும் 2024 ஆகத்து 14 அன்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இதையடுத்துத் தமிழ்நாடு கனிம வளம் உள்ள நில வரிச் சட்டம், 2024 இயற்றப்பட்டு 2025 ஏப்ரல் 4 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி சுண்ணாம்புக்கல்லுக்கு டன் ஒன்றுக்கு 160 ரூபாய் வரி விதிக்கப்பட்டது. இது 2014 இல் நிர்ணயிக்கப்பட்ட உரிமத்தொகையைப் போல் இரு மடங்கு ஆகும். 1958 சட்டத்தின் மேல்வரி ஊராட்சிகளுக்கென வகுக்கப்பட்டது. புதிய வரியோ மாநில அரசுக்குரியது.

மாவட்டக் கனிம அறக்கட்டளை

2015 திருத்தச் சட்டத்தின்படி, சுரங்கத்தால் பாதிக்கப்படும் மக்களின் நலனுக்காக மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை நிறுவப்பட வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2017 இல் வகுக்கப்பட்டன. 2015 சனவரி 12 க்கு முன் வழங்கப்பட்ட குத்தகைகளுக்கு உரிமத்தொகையின் 30 விழுக்காடும், அதன் பின் ஏலத்தில் வழங்கப்பட்டவற்றுக்கு 10 விழுக்காடும் கூடுதலாக இவ்வறக்கட்டளைக்குச் செலுத்தப்பட வேண்டும். டன்னுக்கு 80 ரூபாய் உரிமத்தொகை எனக் கொண்டால், பழைய குத்தகையிலிருந்து 24 ரூபாயும் புதிய குத்தகையிலிருந்து 8 ரூபாயும் கிடைக்கும். பழைய குத்தகைகள் முடிந்து ஏல முறை வரும்போது மாநில அரசின் வருவாய் உயரக்கூடும். ஆனால் உரிமத்தொகை வீதமும் வெட்டப்படும் கல்லின் அளவும் மாறாதிருந்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான நிதி குறையும்.

குடிநீர், உடல்நலம், கல்வி, சுற்றுச்சூழல் முதலியவை இந்நிதியின் முன்னுரிமைத் துறைகள் ஆகும். நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை இவற்றுக்குச் செலவிட வேண்டும் என 2015 இல் நடுவண் அரசு அறிவுறுத்தியது. பிற நாடுகளிலும் இத்தகைய முறைகள் உள்ளன. பெரு நாட்டில் சுரங்க நிறுவனங்கள் செலுத்தும் வருமான வரியின் பாதி, 'கானோன் மினேரோ' என்னும் பெயரில் சுரங்கம் உள்ள பகுதிகளின் உள்ளாட்சிகளுக்கும் வட்டார அரசுகளுக்கும் பகிரப்படுகிறது.

கருங்கல் குவாரிகள்

பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில் கருங்கல் குவாரிகளும் கல் உடைக்கும் ஆலைகளும் உள்ளன. இவை 1959 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்கீழ் வருகின்றன. அரசுப் புறம்போக்கு நிலங்களில் உள்ள குவாரிகள் ஏலத்தில் விடப்படுகின்றன. பட்டா நிலங்களில் உரியவரின் விண்ணப்பத்தின் பேரில் அனுமதி வழங்கப்படுகிறது. குடியிருப்புகளிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி அமைக்கக் கூடாது என்பது விதி.

ஐந்து எக்டேருக்குக் குறைவான குவாரிகளும் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும் என 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காப்புக் காடுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரிகளை 2021 நவம்பரில் மாநில அரசு தடை செய்தது. 2022 டிசம்பரில் இத்தடை தேசியப் பூங்காக்கள், காட்டுயிர்ச் சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் முதலியவற்றின் சுற்றுப்புறத்துக்கு மட்டுமென மாற்றப்பட்டது. 2023 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கல் குவாரி ஏலத்துக்கு விண்ணப்பம் அளிக்கும்போது மோதல் ஏற்பட்டு, ஏல நடைமுறை நிறுத்தப்பட்டது.

பழுப்பு நிலக்கரித் திட்டங்கள்

1990களின் பிற்பகுதியில் செயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல் மின் நிலையமும் அமைக்க மாநில அரசு திட்டமிட்டது. இதற்காகப் பல ஊர்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீடு போதாது என உழவர்கள் வழக்குகள் தொடுத்தனர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் திட்டம் நிறைவேறவில்லை. நிலம் ஆவணத்தில் அரசின் பெயரில் இருந்ததால் உழவர்களால் அதை விற்கவோ அடமானம் வைத்துக் கடன் பெறவோ இயலவில்லை. இறுதியில் மாநில அரசு திட்டத்தைக் கைவிட்டு, நிலங்களை உரியவர்களிடமே திரும்ப ஒப்படைக்க முடிவு செய்தது.

2020 ஆம் ஆண்டில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இதில் சேர்க்கப்பட்டன. அரியலூர் மாவட்டம் சேர்க்கப்படவில்லை. 2023 இல் நடுவண் நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு அறிவித்த நிலக்கரித் தொகுதிகளுள் அரியலூர் மாவட்டத்தின் மைக்கேல்பட்டியும் இடம்பெற்றது. மாநில அரசும் உழவர் அமைப்புகளும் எதிர்த்ததை அடுத்து, அதே ஆண்டு ஏப்ரலில் மைக்கேல்பட்டி, வடசேரி, கிழக்குச் சேத்தியாத்தோப்பு ஆகிய மூன்று தொகுதிகளும் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

சமூக, சுற்றுச்சூழல் விளைவுகள்

சிமெண்ட் தொழில் இப்பகுதிக்கு வேலைவாய்ப்பையும் போக்குவரத்து, வணிக வளர்ச்சியையும் கொண்டு வந்தது. மழையை நம்பிய வேளாண்மை தவிர வேறு வாழ்வாதாரம் குறைவாக இருந்த ஊர்களில் ஆலை வேலை நிலையான வருமானமாக அமைந்தது. அதே வேளையில் சில குறைபாடுகளும் தொடர்ந்து சுட்டிக்காட்டப்படுகின்றன.

நிலமும் வேலையும்: பல இடங்களில் நிலம் கொடுத்த குடும்பங்கள் ஆலையில் வேலை கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்புடனேயே நிலத்தைக் கொடுத்தன. செந்துறை வட்டத்தின் ஆனந்தவாடியில் அரசு சிமெண்ட் ஆலையின் சுரங்கத்துக்கு நிலம் அளித்தோர் நிரந்தர வேலை கோரி நீண்ட காலம் போராடினர். இயந்திரமயமாக்கலும் ஒப்பந்தத் தொழில்முறையும் நிரந்தரப் பணியிடங்களைக் குறைத்துள்ளன.

தூசியும் போக்குவரத்தும்: சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய கனரக ஊர்திகள் ஊர்ச் சாலைகள் வழியாகச் செல்வதால் தூசியும் சாலை விபத்துகளும் முக்கியச் சிக்கல்களாக உள்ளன. கனரக ஊர்திகளுக்குத் தனிப் பாதை அமைக்க வேண்டும் என்பதும், பள்ளி நேரங்களில் அவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதும் மக்களின் கோரிக்கைகள் ஆகும்.

நீரும் பறவைகளும்: சுரங்கம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே செல்லும்போது ஊறும் நீர் இறைத்து வெளியேற்றப்படுகிறது. இதனால் அருகிலுள்ள கிணறுகளில் நீர் குறையக்கூடும். இம்மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 1999 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

கைவிடப்பட்ட குழிகள்: 2017 ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளின்படி ஒவ்வொரு சுரங்கத்துக்கும் படிப்படியான மூடல் திட்டமும் இறுதி மூடல் திட்டமும் தேவை. இதற்கு ஈடாக நிறுவனம் அளிக்க வேண்டிய நிதி உறுதி 2021 இல் பெரிய சுரங்கங்களுக்கு எக்டேருக்கு 3 இலட்சம் ரூபாயிலிருந்து 5 இலட்சம் ரூபாயாகவும், மற்றவற்றுக்கு 2 இலட்சத்திலிருந்து 3 இலட்சமாகவும் உயர்த்தப்பட்டது. அகழ்வு முடிந்த நிலத்தில் கால்நடைகளுக்கு ஏற்ற புல்லும் தாவரங்களும் வளர்க்கப்பட வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்குமாறு 2020 சனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

எனினும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் ஓர் இயல்பான இடர்ப்பாடு உள்ளது. நிலக்கரிச் சுரங்கங்களில் கனிமத்தின் மேல் உள்ள மண் மிகுதியாக இருப்பதால் அதைக் கொண்டே குழியைப் பெருமளவு நிரப்பலாம். இங்கு தோண்டியதில் பெரும்பகுதி சிமெண்டாக வெளியேறிவிடுவதால், எஞ்சும் மண் குழியை நிரப்பப் போதுமானதாக இல்லை. எனவே பெரும்பாலான மூடல் திட்டங்கள் குழியை நீர்த்தேக்கமாக மாற்றுவதையே முன்வைக்கின்றன. இத்தகைய குழிகளுக்கு வேலி, சரிவான கரை, இறங்கும் வழி ஆகியவை இல்லாவிடில் அவை மனிதருக்கும் கால்நடைக்கும் ஆபத்தாக அமையும். அவை முறையாகச் சீரமைக்கப்பட்டால் மழைநீரைச் சேமிக்கும் ஏரிகளாகப் பயன்படலாம்.

புதைபடிவப் பாதுகாப்பு

சுரங்க வெட்டுமுகங்கள் புதைபடிவங்களை வெளிக்கொணர்கின்றன. அதே அகழ்வு அவற்றை அழிக்கவும் செய்கிறது. கல்லமேடு பகுதியில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 1987 இல் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் 'புருகத்காயோசாரசு' என்னும் மிகப் பெரிய தொன்மாவை விவரித்தனர். அவ்வெலும்புகள் பின்னர் சிதைந்துவிட்டதால் அதன் உண்மைத் தன்மை இன்றும் விவாதிக்கப்படுகிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையால் பாதுகாக்கப்படுகிறது. அதை 1940 இல் நிலவியலாளர் எம். எஸ். கிருட்டிணன் வெளியுலகுக்கு அறிவித்தார். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் அமைக்கப்பட்டுள்ளது.

2020 அக்டோபரில் குன்னத்தில் நீர்நிலை ஒன்றில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. அவை தொன்மாவின் முட்டைகள் என்னும் செய்தி விரைவாகப் பரவியது. அவற்றைப் பார்வையிட்ட நிலவியலாளர்கள், அவை முட்டைகள் அல்ல எனவும், அம்மோனைட்டு என்னும் கடல்வாழ் உயிரினத்தைச் சுற்றிப் படிவு உருண்டு இறுகியவை எனவும் விளக்கினர். குன்னம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்பதற்கு இவை சான்று ஆகும்.

கனிமச் சட்டங்கள் கல்லை அதன் எடையாலும் தரத்தாலும் மட்டுமே மதிப்பிடுகின்றன. அதனுள் உள்ள படிவங்களைப் பாதுகாக்கும் நோக்கில் புவிமரபுக் களங்கள் குறித்த வரைவு மசோதாவை நடுவண் அரசு 2022 டிசம்பரில் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிட்டது.

இவற்றையும் பார்க்கவும்

அரியலூர் மாவட்டம்
பெரம்பலூர் மாவட்டம்
குன்னம் வட்டம்
கல்லக்குடிப் போராட்டம்
சாத்தனூர் கல்மரம்
கரைவெட்டி பறவைகள் சரணாலயம்
தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம்